இரண்டும் ஒரே மாதிரிதானா?



ஐ.டி.யில் இருக்கும் உங்களில் பலர், "பழைய புரோகிராமை மாற்றி எழுதினோம் சார், இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது" என்கிறீர்கள். அந்த 'ஒரே மாதிரி'க்கு ஒரு வரலாறு உண்டு.

நம் திருத்தணி பஸ் ஸ்டாண்டையே வைத்துச் சொல்கிறேன். ஒரு ஏற்பாட்டில், அரக்கோணம் போய் இறங்கிய பிறகு காஞ்சிபுரமா வேலூரா என்று நீங்களே முடிவு செய்யலாம். இன்னொன்றில், 'அரக்கோணம்' என்று மட்டும் பலகை போட்ட இரண்டு பஸ்கள். ஒன்று அங்கிருந்து காஞ்சிக்கு மட்டும், மற்றது வேலூருக்கு மட்டும். ஏறும்போது எது எதென்று தெரியாது. போன ஊர்களை நோட்டில் எழுதினால் இரண்டு ஏற்பாட்டுக்கும் ஒரே பட்டியல்தான் வரும். ஆனால் காஞ்சியில் முகூர்த்தத்துக்குக் கிளம்பி வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்!

ஆக, பட்டியலை ஒப்பிட்டால் போதாது. ஒவ்வொரு நிலையிலும் ஒன்று செய்வதை மற்றதும் செய்ய வேண்டும். செய்து போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே பொருத்தம் தொடர வேண்டும். எடின்பரோவில் ராபின் மில்னர் 1980-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பொருத்தத்தை ஒரு படி, இரு படி, மூன்று படி என்று எண்ணிக்கொண்டே போய் வரையறுத்தார். அவர் வீட்டில் தங்கியிருந்த டேவிட் பார்க், ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தோடு இறங்கி வந்து, இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றார். கிளைகள் முடிவில்லாமல் பிரிந்தால் எத்தனை படி எண்ணினாலும் வித்தியாசம் பிடிபடாமல் போகலாம். எண்ணாதே, நிலைகளை ஜோடி சேர்த்து வை, எந்த ஜோடியாவது உடைகிறதா பார் என்பது பார்க்கின் வழி. 1981-ல் அது அச்சானது. பெயர் பைசிமுலேஷன். மில்னருக்கு 1991-ல் டூரிங் விருது கிடைத்தது.

நம்மூர்ப் பக்கமும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பின்னாளில் சென்னை கணிதவியல் கழகத்தில் பணியாற்றிய பி.எஸ். தியாகராஜன், பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும் புரோகிராம்களை ஆராய்ந்தவர். எந்த நிலையில் நின்று பார்த்தாலும் இனி நடக்கக்கூடியவை ஒரு சில வகைகளுக்குள் அடங்கினால், அந்த நடத்தை முழுவதையும் எல்லையுள்ள ஒரு பெட்ரி வலையாக வரைந்துவிடலாம் என்பது அவர் யூகம். இருபது வருடம் போல அது தாக்குப்பிடித்தது. 2017-ல் பிரான்சின் சாலோபென், செப்போய் இருவரும் அது பொருந்தாத ஓர் உதாரணத்தைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் கையில் எடுத்தது வடிவியல்: சதுரங்களை ஒட்டிச் செய்த ஓர் உருவம். சதுரம் நடத்தும்போது கொட்டாவி விட்டவர்கள் கவனிக்க.