கார்த்திகையில் நட்ட கன்றுக்கு ஆவணியில் தண்ணீர் ஊற்றுவது யார்?

கார்த்திகை மாதத்தில் மரக்கன்று நடாத ஊர் வடக்கில் குறைவு. வடகீழ்ப் பருவமழை வலுக்கும் காலம் அது. முதலாவது வடமாகாண சபை (2013–2018) அந்த மாதத்தை மரநடுகை மாதமாகவும் அறிவித்திருந்தது. எமக்கு அது நினைவின் மாதமும்கூட. போரில் இழந்த பிள்ளையின், சகோதரத்தின் பெயரைச் சொல்லிக் கன்று நடும் குடும்பங்கள் உண்டு. அப்படி நட்ட கன்று பட்டுப்போனால், ஒரு செடி போனதாக மட்டும் அவர்களால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

செய்தியாளர்களாகிய எங்களை நடும் நாளுக்கு அழைப்பார்கள். ஆவணி வெயிலில் அந்தக் கன்றைப் பார்க்க வரும்படி யாரும் அழைப்பதில்லை. ஊர்ப் பொதுக்காணியில் சிரமதானமாக உள்ளூர் மரங்களை நட விரும்பும் சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், இளைஞர் கழகங்கள் அந்த ஆவணியிலிருந்து திட்டமிடத் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் காணி

வன்னியில் மரம் நடுவது பற்றிப் பேசினால், "மரம் வளர்ந்தபிறகு வனவளத் திணைக்களம் கல்லுப் போடாதா?" என்ற கேள்வி எழும். அது வீண் பயமல்ல. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றைக்காடான தமது காணிகள் பின்னர் வனமாக அடையாளப்படுத்தப்பட்டதாகப் பல கிராம மக்கள் முறையிட்டு வருகிறார்கள்.

ஆகவே நடப்போகும் நிலம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். பூங்கா, வீதியோரம் என்றால் பெரும்பாலும் பிரதேச சபை. சிறு குளங்களின் ஒதுக்கு நிலம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தி, எந்த நிலத்தில், எந்தச் சங்கம், எதற்காக நடுகிறது என்று எழுத்தில் அனுமதி பெற்று, பிரதியொன்றைச் சங்கத்தில் வைத்திருங்கள். தனியார் காணி இடையில் வந்தால், உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலும் அவரிடம் கேட்காமல் நடவேண்டாம்.

முகமாலை போன்ற முன்னாள் போர்முனைப் பகுதிகளில் இன்னொரு படி உண்டு. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்பதை உறுதி செய்யாமல் அலவாங்கு போடக்கூடாது. கிடங்கு வெட்டும்போது சந்தேகமான எதையும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவியுங்கள்.

எந்த இடத்தில் எந்த மரம்

நிழலுக்கும் வறட்சிக்கும் வேம்பு. பறவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நாவல், விளா, பாலை. ஈரமான இடத்துக்கு மருது. கடற்கரையை அண்டிய இடத்துக்குப் பூவரசு. கோயில் வளவுக்கு இலுப்பையும் கொன்றையும். பாலையும் வீரையும் மெதுவாகத்தான் வளரும். விரைவாக நிழல் வேண்டுமென்று அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். வேகமாக வளர்பவற்றோடு கலந்து நடுங்கள்.

குளக்கட்டின் மேல் பெரிய மரம் நடக்கூடாது. வேர் மண்ணை இளக்கும். மரம் பட்டபின் உக்கிய வேரின் வழியே நீர் கசியும். கட்டுக்குக் கீழே சற்று விலகி நடலாம்.

பனை தனிக்கதை. போர்க்காலத்தில் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் இடம் பல ஊர்களில் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பனங்கொட்டையின் முளை முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறங்குவதால், பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது கடினம். நிற்கவேண்டிய இடத்திலேயே மாரிக்கு முன்னர் விதையை ஊன்றுவது நல்லது. பிறகு பெரிதாகத் தண்ணீர் கேட்காது. ஆனால் காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். நடுபவர் தன் பிள்ளைகளுக்காகத்தான் நடுகிறார்.

தண்ணீர்க் கணக்கு

2 அடி நீள, அகல, ஆழத்தில் கிடங்கு வெட்டி, மேல்மண்ணோடு உக்கிய எரு கலந்து, முதல் மழைகளுக்குப் பின் நட்டால் மாரி முழுவதும் வேர் ஓட வாய்ப்புக் கிடைக்கும். அடியில் காய்ந்த இலையோ பனையோலையோ பரப்புங்கள், தண்டில் முட்டாமல். ஆடு, மாடு புகாதபடி ஒவ்வொரு கன்றுக்கும் கூடு வேண்டும்.

இனித்தான் கணக்கு. கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை 10 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கன்றுகளுக்கு வாரத்துக்கு 1000 லீற்றர். மாசி முதல் புரட்டாதி வரை ஏறத்தாழ 34 வாரங்களுக்கு 34,000 லீற்றர். சித்திரை மழை சில வாரங்களைக் குறைக்கலாம். சோளகக் காற்று தொடங்கினால் நிலம் இன்னும் வேகமாகக் காயும். குறைந்தது இரண்டு கோடைகளுக்கு இந்த வேலை இருக்கிறது. கிணறு எங்கே, யார் சுமப்பது, எந்தக் கிழமை யாருடைய முறை என்று எழுதிய பிறகே எத்தனை கன்று என்பதைத் தீர்மானியுங்கள். 10 கன்றுக்குத்தான் ஆள் உண்டென்றால் 10 போதும்.

இந்தச் சுமை வழமையாகப் பெண்களின் தலையில்தான் விழும். குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் பெண்கள் நிறைந்த ஊர்களில் அது நியாயமில்லை. முறைப்பட்டியலில் ஆண்களின் பெயரும் கழகத்து இளைஞர்களின் பெயரும் சமமாக இருக்கவேண்டும்.

களையும் காய்கறியும்

துப்புரவாக்கிய நிலத்தில் முதலில் முளைப்பது பார்த்தீனியமாக இருக்கலாம். இலங்கையில் இது 1999 இல் வவுனியாவில் பதிவானது. இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளோடு வந்ததென்பது பரவலான கருத்து. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளைக் கொட்டும். தோல் ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் தரும். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். வெளியிலிருந்து ஏற்றும் எருவிலும் மண்ணிலும் விதை வரக்கூடும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

கன்றுகள் சிறிதாக இருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் இடைவெளியில் கத்தரி, வெண்டி, பயிற்றை, கீரை போடலாம். ஓரத்தில் முருங்கையும் அகத்தியும் வைக்கலாம். கறிக்குப் பிடுங்க வருபவர் கன்றையும் பார்த்துவிட்டுத்தான் போவார். விளைச்சலை யார், எப்படிப் பகிர்வது என்பதை மட்டும் முன்கூட்டியே கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். பொதுக்காணித் தோட்டத்தில் சண்டை அங்கேதான் தொடங்கும்.

நட்ட கன்றுகளுக்கு இலக்கமிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆவணி முடிவில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை அறிவித்தலாகச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கார்த்திகைக்கு எத்தனை கன்று வாங்குவதென்று அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.