விகாஷ் தொராசூ: உலகக் கோப்பை இறுதிப்போட்டியை மாற்று வீரர் இருக்கையில் இருந்து கண்ட ஆந்திர வம்சாவளி வீரர்

பிரான்ஸ் தேசிய கால்பந்து அணிக்காக 18 சர்வதேசப் போட்டிகளில் விளையாடிய நடுக்கள வீரர் விகாஷ் தொராசூ, உலகக் கோப்பைத் தொடரில் களம் கண்ட மிகச் சில இந்திய வம்சாவளியினருள் ஒருவர். தெலுங்கு வழிவந்த மொரீஷியக் குடும்பத்தில், 1973 அக்டோபர் 10 அன்று பிரான்சின் வடக்குக் கடலோரத்தில் உள்ள ஆர்ஃப்ளர் நகரில் அவர் பிறந்தார். லியோன், ஏசி மிலான், பாரிஸ் சான் ஜெர்மைன் (பிஎஸ்ஜி) ஆகிய பெரிய கழகங்களின் சீருடையை அணிந்தார். 2005-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி, 2006-இல் உலகக் கோப்பை இறுதிப்போட்டி என அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் கால்பந்தின் இரு பெரும் மேடைகளுக்குச் சென்ற அவர், இரண்டிலும் ஒரு நிமிடம்கூட களமிறங்கவில்லை.

களத்திற்கு வெளியே காத்திருந்த அந்த நாட்களைத் தாமே படம்பிடித்துத் திரைப்படமாக வெளியிட்டதும், அதன் பின்னர் அவரது கால்பந்து வாழ்க்கை விரைவில் முடிவுக்கு வந்ததும் இன்றளவும் பேசப்படுகின்றன.

கோரிங்கா முதல் ஆர்ஃப்ளர் வரை

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதைத் தொடர்ந்து, மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். கொல்கத்தா, சென்னை, மும்பை துறைமுகங்கள் வழியாக இலட்சக்கணக்கானோர் அங்குச் சென்றனர். தெலுங்கு பேசும் பகுதிகளிலிருந்து சென்றவர்கள், காக்கிநாடாவை அடுத்த கோரிங்கா துறைமுகத்தின் பெயரால் அத்தீவில் அறியப்பட்டனர். தமிழர்களும் தெலுங்கர்களும் இன்றும் மொரீஷியசில் தனித்த சமூகங்களாகத் தங்கள் மொழியையும் விழாக்களையும் பேணி வருகின்றனர். அந்நாட்டு ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துகள் இடம்பெற்றிருப்பது பலரும் அறிந்ததே.

1810 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரணத்தால் மொரீஷியசில் பிரெஞ்சு மொழி வேரூன்றியிருந்தது. அங்கிருந்து பிற்காலத்தில் வேலை தேடிப் பிரான்சில் குடியேறியவர்களுள் தொராசூவின் குடும்பமும் ஒன்று. இந்தியத் தொழிலாளர்கள் கரையிறங்கிய போர்ட் லூயி நகரின் ஆப்ரவாசி காட் வளாகத்தை யுனெஸ்கோ 2006 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே மாதத்தில்தான் பெர்லினில் உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கான பிரான்ஸ் அணியில் தொராசூ இடம்பெற்றிருந்தார்.

லே ஆவ்ரில் தொடக்கம், லியோனில் பட்டங்கள்

ஆர்ஃப்ளருக்கு அருகில் உள்ள துறைமுக நகரம் லே ஆவ்ர். பிரான்சின் மிகப் பழைய கால்பந்துக் கழகங்களுள் ஒன்று அந்நகரைச் சேர்ந்தது. இளம் வீரர்களை உருவாக்குவதில் பெயர்பெற்ற அக்கழகத்திற்காக 1993-ஆம் ஆண்டு தொராசூ தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். உடல் வலிமையைவிடப் பந்தைக் கட்டுப்படுத்தும் திறனையும், துல்லியமாகப் பந்து கடத்தும் ஆற்றலையும் நம்பி ஆடியவர் அவர். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் இடையே ஆட்டத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் நடுக்கள வீரராக அவர் அடையாளம் காணப்பட்டார்.

லே ஆவ்ரில் ஐந்து ஆண்டுகள் விளையாடிய பின் 1998-இல் லியோன் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அவர் அங்கிருந்தபோது 2001-இல் லியோன் பிரெஞ்சு லீக் கோப்பையை வென்றது. எனினும் 2001-02 பருவத்திற்கு அவர் போர்தோ கழகத்திற்கு இரவல் முறையில் அனுப்பப்பட்டார். லியோன் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சு லீக் பட்டம் வென்றது அந்தப் பருவத்தில்தான். மறுபுறம், இறுதிப்போட்டியில் லோரியானை 3-0 என வீழ்த்தி போர்தோ அதே பருவத்தில் லீக் கோப்பையைக் கைப்பற்றியது.

2002-இல் லியோனுக்குத் திரும்பிய தொராசூ, 2002-03, 2003-04 ஆகிய இரு பருவங்களில் லீக் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றார். பிரேசிலின் ஜூனின்யோ, கானாவின் மைக்கேல் எஸியன் போன்றோர் அப்போது லியோனின் நடுக்களத்தில் ஆடினர். 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு முறை பட்டம் வென்ற லியோனின் பொற்காலத்தில் அவருக்கும் பங்குண்டு.

மிலானில் ஓராண்டு

2004-இல் தொராசூ இத்தாலியின் ஏசி மிலான் கழகத்தில் இணைந்தார். கார்லோ ஆன்செலோட்டி பயிற்சியாளராக இருந்த அந்த அணியின் நடுக்களத்தில் பிர்லோ, கட்டூசோ, செடோர்ஃப், காகா, ரூய் கோஸ்டா, அம்புரோசினி ஆகியோர் இருந்தனர். அத்தகைய வரிசையில் ஆடும் பதினொருவருள் இடம்பெறுவது எளிதன்று. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் மாற்று வீரராகவே கழித்தார்.

2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் நடைபெற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் மிலான், லிவர்பூலை எதிர்கொண்டது. முதல் பாதியில் 3-0 என முன்னிலை பெற்றிருந்த மிலான், இரண்டாம் பாதியில் ஆறே நிமிடங்களில் மூன்று கோல்களை வாங்கி, இறுதியில் பெனால்டி வாய்ப்புகளில் தோல்வியுற்றது. ஐரோப்பியக் கால்பந்தின் மறக்க முடியாத அந்த ஆட்டத்தைத் தொராசூ மாற்று வீரர்களுக்கான இருக்கையில் அமர்ந்தபடியே பார்த்தார்.

தேசிய அணியில் இரண்டாம் வாய்ப்பு

பிரான்ஸ் அணிக்காக அவர் முதன்முதலில் விளையாடியது 1999-ஆம் ஆண்டில். 1998 உலகக் கோப்பையை வென்ற வீரர்களே நடுக்களத்தை நிறைத்திருந்த காலம் அது. அதன் பின் பல ஆண்டுகள் தேசிய அணியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

2004 யூரோ கோப்பைக் காலிறுதியில் கிரீசிடம் பிரான்ஸ் தோற்றதை அடுத்து சினதின் சிதான், லிலியன் துராம், குளோட் மக்கலேலே உள்ளிட்டோர் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றனர். புதிய பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ரேமோன் தொமெனெக், தொராசூவுக்கு மீண்டும் வாய்ப்பளித்தார். ஆனால் 2006 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரான்ஸ் தடுமாறியது. சொந்த மண்ணில் இஸ்ரேல், அயர்லாந்து, சுவிட்சர்லாந்து அணிகளுடன் ஆடிய மூன்று ஆட்டங்களும் கோல் ஏதுமின்றிச் சமனில் முடிந்தன. இந்நிலையில் 2005 ஆகஸ்ட் மாதம் சிதான், துராம், மக்கலேலே மூவரும் ஓய்வு முடிவைக் கைவிட்டு அணிக்குத் திரும்பினர். அணி வலுப்பெற்றது, நடுக்களத்தில் இடத்திற்கான போட்டி கடுமையானது.

2005 அக்டோபர் 12 அன்று பாரிஸ் புறநகரில் உள்ள ஸ்தாத் தெ பிரான்ஸ் அரங்கில் சைப்ரஸ் அணியைப் பிரான்ஸ் 4-0 என வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சிதான், வில்தோர், தொராசூ, ஜூலி ஆகியோர் கோலடித்தனர். தேசிய அணிக்காக தொராசூ அடித்த ஒரே கோல் இதுவாகும்.

மார்செய்க்கு எதிரான கோல்

2005-இல் பிஎஸ்ஜி கழகத்தில் இணைந்த தொராசூவின் கழக வாழ்க்கையில் மிகச் சிறந்த தருணம் 2006 ஏப்ரல் 29 அன்று வந்தது. பிரெஞ்சுக் கோப்பை இறுதிப்போட்டியில் பிஎஸ்ஜியும் அதன் பரம எதிரியான மார்செய் அணியும் மோதின. தொடக்கத்திலேயே கலூ அடித்த கோலால் பிஎஸ்ஜி முன்னிலை பெற்றது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில், பெனால்டி பகுதிக்கு வெளியே தொலைவிலிருந்து தொராசூ உதைத்த பந்து வலைக்குள் பாய்ந்தது. பின்னர் மார்செய் ஒரு கோல் திருப்பியபோதிலும் 2-1 எனப் பிஎஸ்ஜி கோப்பையை வென்றது.

அடுத்த சில வாரங்களில் அறிவிக்கப்பட்ட 23 பேர் கொண்ட உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இடம்பெற்றது. சைப்ரசுக்கு எதிராகக் கோலடித்த லுதோவிக் ஜூலி சேர்க்கப்படவில்லை. இத்தேர்வு பிரெஞ்சு ஊடகங்களில் விவாதத்தை ஏற்படுத்தியது.

ஜெர்மனி 2006: இரு ஆட்டங்கள்

2006 ஜூன் 13 அன்று ஷ்டுட்கார்ட்டில் சுவிட்சர்லாந்துடனான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் வில்தோருக்கு மாற்றாகத் தொராசூ களமிறங்கினார். ஆட்டம் 0-0 எனச் சமனில் முடிந்தது. ஜூன் 18 அன்று லைப்சிக்கில் தென்கொரியாவுக்கு எதிராக இரண்டாம் பாதியில் மலூதாவுக்கு மாற்றாக மீண்டும் இறக்கப்பட்டார். தியரி ஆன்றியின் கோலால் முன்னிலை பெற்றிருந்த பிரான்ஸ், ஆட்டம் முடிய ஏறத்தாழ பத்து நிமிடங்கள் இருந்தபோது பார்க் ஜி-சுங்கின் கோலால் 1-1 எனச் சமனுக்குத் தள்ளப்பட்டது.

அதன் பிறகு தொராசூவுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. டோகோ, ஸ்பெயின், பிரேசில், போர்ச்சுகல் அணிகளை வென்று பிரான்ஸ் இறுதிப்போட்டியை அடைந்தது. ஜூலை 9 அன்று பெர்லினில் இத்தாலிக்கு எதிராக நடந்த இறுதிப்போட்டி, கூடுதல் நேரத்தில் சிதான் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதற்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த ஆட்டத்தில் பிரான்சின் மூன்று மாற்று வாய்ப்புகளும் அலூ தியாரா, வில்தோர், ட்ரெசெகே ஆகியோருக்குச் சென்றன. 1-1 எனச் சமனில் இருந்த ஆட்டத்தைப் பெனால்டி வாய்ப்புகளில் 5-3 என இத்தாலி வென்றது.

‘மாற்று வீரர்’ திரைப்படம்

உலகக் கோப்பைக்கு முன்பு இசைக்கலைஞரும் இயக்குநருமான பிரெட் பூலே, தொராசூவிடம் சூப்பர் 8 வகைப் படக்கருவியைக் கொடுத்திருந்தார். ஹாமெல்ன் நகருக்கு அருகே பிரான்ஸ் அணி தங்கியிருந்த நாட்களில் விடுதி அறை, சாலைகள், தனிமையான பொழுதுகள் ஆகியவற்றைத் தொராசூ அதில் பதிவு செய்தார். ஒரு வெற்றிப் பயணத்தின் ஆவணமாகத் தொடங்கிய முயற்சி, விளையாட வாய்ப்புக் கிடைக்காத ஒரு வீரனின் ஏமாற்றத்தைச் சொல்லும் படமாக மாறியது. ‘மாற்று வீரர்’ எனப் பொருள்படும் தலைப்புடன் அப்படம் 2007-இல் வெளியானது.

வெற்றி தோல்விகளைப் பற்றிய விளையாட்டுப் படங்கள் பல உண்டு. உலகக் கோப்பை அணியில் இருந்துகொண்டே, களத்திற்கு வெளியே இருப்பதன் வலியை ஒரு வீரர் தாமே பதிவு செய்தது அரிது. அணிக்குள் நடப்பவை வெளியே பேசப்படக் கூடாது என்ற எழுதப்படாத விதியை அவர் மீறிவிட்டதாக ஒரு தரப்பினர் விமர்சித்தனர். வீரர்களின் மனநிலையைத் திறந்து காட்டிய துணிவான முயற்சி என மற்றொரு தரப்பினர் பாராட்டினர்.

பிஎஸ்ஜியிலிருந்து நீக்கம்

படம் வெளியாவதற்கு முன்பே கழக மட்டத்திலும் நெருக்கடி முற்றியிருந்தது. உலகக் கோப்பைக்குப் பின் பிஎஸ்ஜி பயிற்சியாளர் கி லகோம்புடன் தொராசூவுக்குக் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அணியில் தம்முடைய நிலை குறித்து அவர் ஊடகங்களில் வெளிப்படையாகப் பேசியதை அடுத்து, 2006 அக்டோபரில் கழகம் அவரது ஒப்பந்தத்தை முறித்தது. பிரெஞ்சுத் தொழில்முறைக் கால்பந்தில் வீரர் ஒருவரைக் கழகம் இவ்வாறு பணிநீக்கம் செய்வது மிக அரிதான நிகழ்வு என்பதால் அது பெரும் செய்தியானது. கோப்பையை வென்று தந்த கோலுக்கும் பணிநீக்கத்திற்கும் இடையே இருந்தது ஆறு மாதங்களுக்கும் குறைவான இடைவெளியே.

2007-இல் இத்தாலியின் லிவோர்னோ கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆயினும் லீக் ஆட்டம் ஒன்றிலும் விளையாடாமலேயே அங்கிருந்து வெளியேறினார். 2008-இன் தொடக்கத்தில், 34-ஆம் வயதில், ஓய்வை அறிவித்தார்.

ஓய்வுக்குப் பின்

ஓய்வுக்குப் பின் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் பங்கேற்ற தொராசூ, சமூகப் பிரச்சினைகளிலும் தொடர்ந்து குரல் கொடுத்து வந்தார். கால்பந்தில் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு எதிரான பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய ‘பாரிஸ் ஃபுட் கே’ அமைப்புக்கு, விளையாடிக் கொண்டிருந்த காலத்திலேயே ஆதரவளித்தவர் அவர். பணத்தையும் வெற்றியையும் மட்டுமே மையமாகக் கொள்ளாத, மகிழ்ச்சிக்கான கால்பந்தை வலியுறுத்தும் ‘தத்தான்’ இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகவும் விளங்குகிறார். 2020 பாரிஸ் மாநகராட்சித் தேர்தலில் இடதுசாரி அணியின் சார்பில் 18-ஆவது வட்டாரத்தில் போட்டியிட்டார்.

ஒரு பார்வையில்

பிறப்பு: 1973 அக்டோபர் 10, ஆர்ஃப்ளர், பிரான்ஸ்
ஆட்ட நிலை: நடுக்களம்
கழகங்கள்: லே ஆவ்ர் (1993-98), லியோன் (1998-2004), போர்தோ (2001-02, இரவல்), ஏசி மிலான் (2004-05), பிஎஸ்ஜி (2005-06), லிவோர்னோ (2007)
முக்கியப் பட்டங்கள்: பிரெஞ்சு லீக் (2003, 2004), பிரெஞ்சுக் கோப்பை (2006)
தேசிய அணி: பிரான்ஸ், 18 ஆட்டங்கள், 1 கோல்
உலகக் கோப்பை: 2006, இரு ஆட்டங்கள் (மாற்று வீரராக)

1950 உலகக் கோப்பையில் ஆட இடம் கிடைத்தும் இந்தியா விலகிக்கொண்டது. அதன் பிறகு இந்திய அணி ஒருமுறைகூட அத்தொடருக்குத் தகுதி பெறவில்லை. அந்த மேடையில் இந்தியப் பெயர் ஒன்று ஒலித்த அரிய தருணங்களுள், ஷ்டுட்கார்ட்டிலும் லைப்சிக்கிலும் தொராசூ பக்கக்கோட்டைத் தாண்டி உள்ளே சென்ற அந்த இரு தருணங்களும் அடங்கும்.