சுவிற்சர்லாந்தின் நேரிழுப்புத் துப்பாக்கிகள்

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்களத்தில் எக்கருவி வென்றது என்பதே அவ்வரலாற்றின் வினா. அவ்வளவுகோலுக்கு அடங்காத படைக்கலம் ஒன்றுண்டு. 1889ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, பல திருத்தங்களோடு 1958 வரை செய்யப்பட்டுவந்த சுவிற்சர்லாந்தின் நேரிழுப்புத் துப்பாக்கியே அது. இரு உலகப்போர்களிலும் நடுநிலை வகித்த நாட்டின் கருவியாதலின், அதன் சிறப்பைக் கைவினையிலேயே தேடவேண்டியுள்ளது.

இதன் தோற்றத்தோடு இருவர் பெயர் இணைந்துள்ளது. பொறியமைப்பை வகுத்தவர் ருடோல்வ் சிமித் என்னும் படையதிகாரி, அதற்குரிய 7.5 மில்லிமீற்றர் தோட்டாவை உருவாக்கியவர் எடுவார்ட் றூபின். ஈயக்குண்டுக்குச் செப்புறை போர்த்தும் முறையை 1882இல் கண்டவரும் றூபினே.

சாதாரணத் துப்பாக்கியில் அடைப்புத்தண்டின் கைப்பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, முன்தள்ளி, மீண்டும் தாழ்த்தவேண்டும். சிமித்தின் அமைப்பிலோ பின்னிழுத்தலும் முன்தள்ளலும் மட்டுமே உள. கைப்பிடி பொருந்திய கோலிலுள்ள முளை, பூட்டுக்குழலில் வெட்டப்பட்ட வளைந்த பள்ளத்தின் வழியே செல்கையில், நேரியக்கம் சுழலியக்கமாக மாறிப் பூட்டைத் திறக்கின்றது. அப்பள்ளத்தின் வளைவு சிறிது பிழைப்பினும் கைப்பிடி இறுகிவிடும். கடைசலும் அராவலும் அங்கேதான் தம் தரத்தைக் காட்டவேண்டியிருந்தன.

முதல் மாதிரி குறையற்றதன்று. பூட்டுமுளைகள் குழலின் பின்னந்தத்தில் இருந்தமையால், வெடியின் அழுத்தத்தைத் தண்டு நெடுகிலும் தாங்கவேண்டியிருந்தது. 1896இல் அவை குழலின் முன்னந்தத்துக்கு நகர்த்தப்பட்டன. 1911இல் வலிய தோட்டாவும் வந்தது. எனினும் முழுமையான தீர்வு 1931ஆம் ஆண்டு மாதிரியிலேயே கிட்டியது. பேர்ண் ஆயுதத் தொழிற்சாலையின் தலைவர் அடோல்வ் பூறரின் காலத்தில் உருவான அம்மாதிரியில் முளைகள் தோட்டாவறைக்கு மிக அண்மையில் அமைந்தன, பொறியறையும் குறுகியது. விளைவு யாது? முந்திய குறுந்துப்பாக்கியின் நீளத்தை ஏறக்குறைய மிகாமலே, குழாயை 592 மில்லிமீற்றரிலிருந்து 652 மில்லிமீற்றருக்கு நீட்ட முடிந்தது. ஏறத்தாழ 5 இலட்சத்து 28 ஆயிரம் செய்யப்பட்டும் அந்நேர்த்தி குன்றவில்லை.

போரின் சேறு காணாத கருவியை மெச்சுவது பொருந்துமா என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. கனடாவின் றொஸ் என்னும் நேரிழுப்புத் துப்பாக்கி முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சிக்கிக்கொள்ள, 1916இல் கைவிடப்பட்டது; அதற்கு விலைகொடுத்தவர்கள் படைவீரர்களே. ஆயினும் ஒஸ்ரியாவின் 1895ஆம் ஆண்டு மான்லிக்கர் அதே நேரிழுப்பு நெறியிலமைந்தும் அப்போர் முழுவதும் பயன்பட்டமையால், நெறியையே குறைகூறல் தகாது. சுவிற்சர்லாந்தின் துப்பாக்கியும் இவ்வாறு தேர்ந்திருக்குமெனத் துணிந்து கூறவும் சான்றில்லை. அமைதியில் வாழ்ந்த நாட்டுக்கே இத்துணைச் செலவும் நுணுக்கமும் இயன்றன போலும்!

பயன்படுத்தியோரின் பேணலும் ஈண்டு நோக்கற்பாலது. ஆயுதம் வீரன் கையிலேயே இருக்கவேண்டுமென 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்தது. ஆகவே துப்பாக்கி வீட்டிலேயே வைக்கப்பட்டது. 300 மீற்றர்க் கட்டாயச் சுடுபயிற்சிக்கும் அதுவே சென்றது. பழந்துப்பாக்கிகளின் பிடங்குத் தகட்டைக் கழற்றினால், பெயரும் முகவரியும் படைப்பிரிவும் எழுதிய சிறு தாளொன்று உள்ளே மடித்திருக்கக் காணப்படுவதுண்டு.