கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம்



ஒரு காலத்தில் நம் தோட்டங்கள் பலவற்றில், மாலையில் ஜெனரேட்டர் ஓடினால்தான் லயங்களில் விளக்கெரியும். பிறகு வெளியிலிருந்து மின்கம்பி வந்தது. ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் ஓய்ந்தன. கப்பல்களுக்கும் இது போன்ற ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெரிய கப்பல் ஒரு சிற்றூருக்குச் சமம். விளக்கு, சமையற்கட்டு, பம்பு, உணவைக் கெடாமல் காக்கும் குளிர்சாதனம் என எல்லாவற்றிற்கும் மின்சாரம் வேண்டும். நடுக்கடலுக்குக் கம்பி இழுக்க முடியுமா? ஆகவே கப்பல் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. துறைமுகத்திற்கு வந்தபின் கப்பலைச் செலுத்தும் பெரிய எஞ்சின் ஓய்வெடுக்கும். ஆனால் விளக்குக்கும் குளிர்சாதனத்திற்கும் ஓய்வு ஏது? அவற்றுக்காகத் துணை எஞ்சின்கள் இரவு பகலாக எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கும். அந்தப் புகை கரையிலுள்ள வீடுகளுக்குள் போகும்.

இதை நிறுத்த வழி என்ன? கரையிலுள்ள மின்சாரத்தைக் கப்பலுக்குக் கொடுப்பதுதான். நிலக்கரிக் கப்பல்களின் காலத்தில், கரை சேர்ந்ததும் அடுப்பின் நெருப்பு அணையும். எஞ்சின் இரும்பு குளிர்ந்துபோகும். அதனால்தான் இம்முறைக்கு ஆங்கிலத்தில் ‘இரும்பைக் குளிரவைத்தல்’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

கப்பலையும் கரையையும் மின்கம்பியால் இணைக்க முடியும் என்பதை உலகம் நேர்மாறான வகையிலும் கண்டது. 1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் டகோமா நகரில் மழை பொய்த்தது. அணைகளில் நீர் குறைந்தது, நீர்மின்சாரமும் குறைந்தது. அப்போது ‘லெக்சிங்டன்’ என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பல் உதவிக்கு வந்தது. 1929 டிசம்பர் 17 முதல் 1930 ஜனவரி 16 வரை அது அந்நகருக்கு 42 இலட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வழங்கியது. ஊருக்குக் கப்பல் ஒளி கொடுத்தது!

கரையும் கப்பலுக்கு மின்சாரம் கொடுத்தது. 2000ஆம் ஆண்டு சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் சரக்குக் கப்பல்களுக்கு உயர் அழுத்த மின்சாரம் கொடுத்தது. 2001இல் அலாஸ்காவின் ஜூனோ நகரம், தன் நீர்மின்சாரத்தை உல்லாசப் பயணக் கப்பல்களுக்கு வழங்கத் தொடங்கியது.

லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் நடந்தது வேறு கதை. அதன் பக்கத்தில் சான் பெட்ரோ என்ற ஊர் இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர் பலர் குடியிருக்கும் ஊர் அது. சோறு போடும் துறைமுகமே மூச்சையும் அடைக்கலாமா? புதிய கப்பல்துறை ஒன்று கட்டப்பட்டபோது, சுற்றுப்புறக் கேட்டைச் சரியாக ஆராயவில்லை என்று 2001இல் குடியிருப்பாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2003இல் உடன்பாடு ஏற்பட்டது. 2004இல் அத்துறை, சரக்குப் பெட்டிக் கப்பல்களுக்குக் கரை மின்சாரம் தரும் வசதியுடன் திறக்கப்பட்டது. 2014 முதல் கலிபோர்னியாவில் இது சட்டப்படிக் கட்டாயமாகத் தொடங்கியது.

நேயர்களே, வீட்டில் பிளக்கைச் செருகுவது போல இதைச் செய்துவிட முடியாது. பெரும்பாலான கப்பல்களின் மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி கொண்டது. உலகின் பல நாடுகளிலோ கரை மின்சாரம் 50 சுழற்சி. அங்கெல்லாம் அதை மாற்றித் தரும் கருவி வேண்டும். மின்னழுத்தமும் பொருந்த வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 6,600 அல்லது 11,000 வோல்ட் தருகிறார்கள். கப்பலில் மின்சாரம் அறுபடாமல் மாற்ற வேண்டுமானால் இரண்டு மின்சாரமும் ஒத்து இயங்க வேண்டும். ஒரே மூங்கிலில் பாரம் சுமக்கும் இருவர் கால் ஒத்து நடப்பதில்லையா, அதுபோல! ஒத்து வந்தபின் பாரம் கரையின் தோளுக்கு மாறும். கப்பலின் ஜெனரேட்டர் நிற்கும். தாளம் தப்பினால் இயந்திரம் பழுதாகும். இதற்கான அனைத்துலக விதிமுறை 2012இல் வெளிவந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. கரை மின்சாரமும் நிலக்கரியில் பிறந்தால், புகை இடம் மாறுமே தவிர ஒழியாது. ஆயினும் துறைமுகத்தருகே தூங்கும் குழந்தைக்கு அந்த இரவில் நல்ல காற்று கிடைக்கும். வழி பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் சான் பெட்ரோவில் அதைச் செயலுக்குக் கொண்டுவந்தது, ஒன்றுகூடிக் கேட்ட சாதாரண மக்களின் குரல்தான்.