தகரத்தின் மேல் முதலில் எது?

சென்னைப் பக்கம் கார் பெயிண்டிங் வேலையின் வரிசை எனக்குத் தெரிந்த காலம் முழுக்க ஒன்றுதான். ஒடுக்கு எடு, தகரத்தைத் தேய், பள்ளம் நிரப்பப் பட்டி போடு, வாட்டர் பேப்பர் வைத்து இழை, பிரைமர் அடி, பிறகு கலர். வெறும் தகரத்தின் மேல் முதலில் போய் உட்காருவது பட்டி. எபாக்ஸி பிரைமர் இந்த வரிசையைத்தான் புரட்டிப் போட்டது. முதலில் பிரைமர், அதன் மேல் பட்டி. பெயிண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கலரையும் பளபளப்பையும்தான் பேசுகிறார்கள். இந்தத் தொழிலின் நூறாண்டுக் கதையில் உருப்படியான மாற்றம் யார் கண்ணிலும் படாத இந்த இடமாற்றம்தான் என்பது என் கட்சி.

என் மாமா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 காரைப் பிரித்தபோதுதான் இது உறைத்தது. வண்டலூர்த் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. இப்போது நிற்பது தாம்பரத்தில், பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்யப்பட்டது. இதன் உடம்பு மற்ற கார்களைப் போல ஒரே கூடு அல்ல. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூடு செய்து தர ஆள் கிடைக்காமல், சேஸிஸ் தனி, அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கும் தகடுகள் தனி என்று ஹெரால்டை வடிவமைத்தார்கள். வரைந்தவர் இத்தாலியர் மிகெலோட்டி. அந்தச் சங்கடம் இன்று எனக்கு வசதி. பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எல்லாவற்றையும் கழற்றி முக்காலியில் வைத்து ஒவ்வொன்றாக வேலை பார்க்கலாம். துரு பிடிப்பதும் அந்த இணைப்புகளில்தான் என்பது வேறு விஷயம்.

இடது முன்கதவின் அடிப்பாகத்தைக் கிரைண்டரில் தேய்த்தேன். மேலே சந்தன நிறத்தில் எனாமல். அடியில் வான நீலத்தில், வேகமாகக் காய்கிற பெயிண்டான டூகோ. அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு, பிறகு கால் அங்குலத்துக்குப் பட்டி. உளியால் தட்டியதும் பட்டி பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதன் முதுகு முழுக்கத் துருப்பொடி ஒட்டியிருந்தது. அதே கதவின் உட்புறம் பட்டி பார்க்காத இடம். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்திருந்தார்கள். அங்கே தகரம் தகரமாகவே இருந்தது. பட்டி, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்டில் ஒரு கீறல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கித் தகரத்தோடு குடித்தனம் நடத்தும்.

இதற்காகப் பழைய பெயிண்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மதராஸில் மோட்டார் வேலை குதிரை வண்டி வேலையிலிருந்து பிறந்தது. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி 1840இல் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கியது. அங்கேதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். கோச்சு வண்டியின் உடம்பு மரம். மரத்துக்குத் துரு கிடையாது. நரம்பும் துளையும்தான் அதன் குறை. ஆகவே ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அப்பி, துளையை அடைத்து, நுரைக்கல்லால் தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் வார்னிஷ். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அடைப்பதும் தேய்ப்பதும்தான் வேலையின் உயிர். மரம் போய்த் தகரம் வந்த பிறகும் கைப்பழக்கம் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வேகம் வந்தது அமெரிக்காவிலிருந்து. 1914 முதல் 1925 வரை ஃபோர்டு தன் டி மாடலைக் கறுப்பில் மட்டும் விற்றதற்கு, கறுப்பு ஜப்பான் வார்னிஷ் சூளையில் சீக்கிரம் காய்ந்தது ஒரு முக்கியக் காரணம். முதல் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துக்கென்று பெருகியிருந்த நைட்ரோசெல்லுலோஸ் தொழிலுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. டூபாண்ட் அதிலிருந்து டூகோ செய்தது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் டூகோ நீலத்தில் வந்தது. வாரங்கள் மணிகளாயின. இவ்வளவு வேகமாகக் காய்கிற பெயிண்டைப் பிரஷ்ஷால் இழுக்க முடியாது, தெளிக்கத்தான் வேண்டும். ஸ்ப்ரே கன் அதற்குள் தயாராக இருந்தது. ஒஹையோவின் டொலீடோ ஊரில் டிவில்பிஸ் என்ற டாக்டர் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு குழல் செய்தார். அவர் மகன் தாமஸ் 1907இல் அதைப் பெயிண்ட் தெளிக்கிற துப்பாக்கியாக மாற்றினார்.

டூகோ நம் ஊர்த் தெருவோரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல அமைந்தது. சூளை வேண்டாம், கண்ணாடி அறை வேண்டாம். புளியமரத்தடியில் ஒரு கம்ப்ரசர் போதும். தின்னர் ஆவியாகிப் போனால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தப்பானால் தின்னரில் துடைத்து மறுபடி அடிக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துப்போகும். அதற்கும் ரிடார்டர் கலந்து சமாளித்தார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் கணக்கே தனி. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு நிறுத்தும்போது வண்டி பார்க்கப் புதுசாக இருக்க வேண்டும், அடுத்த எஃப்.சி. வரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்து ஒருவன் வந்து பட்டியைப் பெயர்த்துப் பார்ப்பான் என்று யார் நினைத்தார்கள்?

எபாக்ஸியின் பிறப்பு இன்னொரு வேடிக்கை. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்டான் என்ற வேதியியலாளர் பல்செட்டுக்கு நல்ல பிசின் தேடிக்கொண்டிருந்தார். சுருங்காமல் இறுகும் ஒன்று கிடைத்தது. பல்செட்டில் அது பேர் வாங்கவில்லை. உரிமையை எடுத்த சிபா கம்பெனி 1946இல் அரால்டைட் என்று ஒட்டுப்பசையாக வெளியிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ அந்தப் பிசினைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். 1960களில் ஃபோர்டு காரின் கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் பிரைமர் படியவைக்கும் முறையைத் தொடங்கியது. 1970களின் நடுவில் அந்தத் தொட்டிக்குள் எபாக்ஸி புகுந்தது. இன்று ஷோரூமில் நிற்கும் காரைச் சுரண்டினால் அநேகமாக அடியில் இருப்பது அதுதான். என் ஹெரால்டைத் தொட்டியில் முக்க வழியில்லை. ஆக, தொண்டை டாக்டரின் குழலில் பல்செட்டுப் பிசினை ஊற்றி, தாம்பரத்து ஷெட்டில் முதல் தடவையாக அடிக்க நின்றேன்.

துணைக்குப் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாய் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். டூகோவில் கை தேய்ந்தவர். "பட்டி போடாம பிரைமரா? அப்புறம் பட்டி எதைப் புடிச்சி நிக்கும் சார்?" என்றார். எண்பதாம் நம்பர் தாள் போட்ட கீறல்களைக் காட்டினேன். பிரைமர் அந்தக் கீறல்களைப் பிடிக்கும். காய்ந்த பிறகு பிரைமரைச் சுரண்டிவிட்டால் பட்டி அதைப் பிடிக்கும். பட்டிக்குள் ஈரம் இறங்கினாலும் தகரத்தைத் தொடாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கம்ப்ரசர் டாங்கின் அடித்திருகைத் திறந்துவிட்டார். பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. "மொதல்ல இத்த எடு. டூகோவோ எதுவோ, காத்துல தண்ணி வந்தா எல்லாம் கெட்டுச்சி."

தகரத்தை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பதற்கு இரண்டு துணி வேண்டும்: ஒன்று நனைக்க, ஒன்று அது காய்வதற்குள் ஒற்றி எடுக்க. ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. கடற்காற்று அடிக்கிற ஊரில் தேய்த்த தகரத்தை ராத்திரி வெறுமே விட்டால் காலையில் செம்பழுப்பு படரும். அதனால் தேய்த்த அன்றே அடித்துவிட வேண்டும். பிசினையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி கலக்கி அரை மணி நேரம் சும்மா வைக்கச் சொல்லியிருந்தது. பாய்க்கு அதுதான் பொறுக்கவில்லை. கலக்கினால் அடிப்பதுதானே அவர் பழக்கம்.

அரை அடி தூரத்தில் கன்னைப் பிடித்து, முந்தின பட்டையின் மேல் பாதி ஏறும்படி இழுத்தேன். டூகோ தகரத்தில் விழும்போதே பாதி காய்ந்துவிடும். இது ஈரமாகவே படுத்து, மெல்லப் பரவி, தானாகச் சமனாகிறது. அவசரப்பட்டு இரண்டாம் கோட் ஏற்றினால் வழியும். முதல் கோட்டின் ஈரப் பளபளப்பு மங்கட்டும் என்று பாய் விரல் காட்டி நிறுத்தினார். மருந்து புதுசு என்றாலும் கண் பழைய கண். முகத்தில் கரி அடைத்த மாஸ்க் இல்லாமல் இந்த வேலை கூடாது. அவர் மட்டும் கைக்குட்டை கட்டிக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் மாஸ்க் போட்டுக்கொண்டார்.

பெரிய வித்தியாசம் வேலை முடிந்த பிறகுதான் தெரியும். டூகோ அடித்த கன்னை அப்படியே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், மறுநாள்கூடத் தின்னரில் கரையும். இது ரசாயனத்தால் இறுகுகிறது. ஒரு தடவை இறுகினால் எந்தத் தின்னரும் பழையபடி ஆக்காது. கன்னை உடனே பிரித்து ஊசி, நாசில் எல்லாவற்றையும் கழுவினோம்.

வெயிலில் போட்டால் எபாக்ஸி வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும், மேலே கலர் ஏறியே ஆக வேண்டும் என்று சொன்னபோது பாய் விலையைக் கேட்டார். லிட்டர் கணக்கைச் சொன்னேன். மனசுக்குள் ஒரு லாரி கேபினுக்குப் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். "வீட்டு வண்டிக்கு சரி. எஃப்.சி. வண்டிக்காரன் இத்தக் கேட்டான்னா என்னையும் சேத்து எடைக்குப் போட்டுருவான்" என்று சொல்லிவிட்டு, பட்டி போட எப்போது வரட்டும் என்று கேட்டார்.