மூச்சுக்கு வந்த மோசம்

மனிதன் உணவின்றிப் பல நாள் உயிர் தரிப்பான்; நீரின்றிச் சில நாள் தாங்குவான்; காற்றின்றிச் சில நிமிஷங்களுக்கு மேல் பிழையான். உணவைப் பார்த்து உண்கிறோம்; நீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். காற்றை மட்டும் வந்தவாறே ஏற்கிறோம், ஏற்காதிருக்க வழியில்லை. இக்காற்று கெடும்போது, "காலக்கேடு, யார் என்ன செய்வது?" என்று பெருமூச்செறிந்து அடங்கிவிடுவோர் பலர். காலம் புகை விடுவதில்லை, மனிதரே விடுகின்றனர். ஜோகூர் மாநிலத்தில் நம் காலத்தில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள் இதை விளக்கும்.

முதற் சம்பவம் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தினது. கடலுக்கப்பால் சுமத்திராத் தீவின் ரியாவ் பகுதியில் தோட்டம் போடுவதற்காகக் காட்டுக்குத் தீ வைத்தனர். அங்குள்ள சதுப்பு மண், இலையும் வேரும் மக்கி ஆழமாகப் படிந்தது. ஒருமுறை தீப்பற்றினால் நிலத்தின் அடியிலேயே வாரக்கணக்கில் கனலும். அப்புகை காற்றோடு வந்து மூவார் நகரை மூடிற்று. காற்றின் கேட்டை அளக்கும் குறியீட்டெண் 300ஐக் கடந்தால் அபாயம் என்பது மலேசியக் கணக்கு. ஜூன் 23ஆம் நாள் காலை 7 மணிக்கு மூவாரில் அது 746ஐ எட்டியது. மூவாரிலும் லெடாங்கிலும் அரசாங்கம் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது.

"அயல்நாட்டான் வைத்த தீ" என்று அன்று பலரும் கூறினர். அது பாதி உண்மையே. சுமத்திராவின் தோட்டத் தொழிலில் மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளின் பணமும் உண்டு. இலாபம் கடல் கடந்து வந்தபோது யாரும் அதை அந்நியம் என்று விலக்கவில்லை. புகை வந்தபோது மட்டும் அது அந்நியமாயிற்று!

இரண்டாவது சம்பவம் நம் மண்ணிலேயே நிகழ்ந்தது. ஜோகூர் தென்கரையிலுள்ள பாசிர் கூடாங், 1977இல் துறைமுகம் திறக்கப்பட்டபின், இரசாயனச் சாலைகளும் எண்ணெய்ச் சாலைகளும் நெருங்கிய தொழில் நகரமாயிற்று. பள்ளிகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அவற்றின் அருகிலேயே எழுந்தன. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்குள்ள கிம் கிம் ஆற்றில் எவரோ இரசாயனக் கழிவை இரகசியமாகக் கொட்டினர். 7ஆம் நாள், அருகிலிருந்த பள்ளிகளின் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, மயங்கினர். கழிவை உடனே முற்றிலும் அகற்றவில்லை. சில நாட்களில் நச்சாவி மீண்டும் பரவிற்று. 13ஆம் நாள் 111 பள்ளிகள் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 6,000 பேர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டோர் 2,000க்கு மேற்பட்டவர். பின்னர் சிலர்மீது வழக்கும் தொடரப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அதே ஊரில் பிள்ளைகள் மறுபடியும் மூச்சுத் திணறினர். பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன.

இந்நச்சு உடலில் என்ன செய்கிறது? காரமான ஆவிகள் தொண்டையையும் மூச்சுக் குழாயையும் எரித்து வீங்கச் செய்கின்றன. குழாய் சுருங்க, காற்றுச் செல்லும் வழி குறைகிறது. காசநோயன்று இது, ஆஸ்துமா உள்ளவர்க்கோ உடனே உயிர்ப் போராட்டம். புகையிலுள்ள நுண்துகள்கள் இன்னும் வஞ்சகமானவை. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாத துகள் மூக்கில் தங்காது, நுரையீரலின் கடைசி அறைவரை இறங்கி, இரத்தத்திலும் கலந்து, இருதயத்தையும் கெடுக்கும். வெளிக்காற்றின் மாசு புற்றுநோய் விளைப்பது என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தீர்மானித்தது. குழந்தைகள் பெரியோரைவிட வேகமாக மூச்சு விடுவதால், தம் எடைக்கு அதிகமான நஞ்சை உட்கொள்கின்றனர். பாசிர் கூடாங்கில் முதலில் விழுந்தவர் பிள்ளைகள் என்பதை நினைவிற் கொள்க.

இச்சரித்திரம் புதிதன்று. லண்டன் நகரின் நிலக்கரிப் புகை மக்களைக் கொல்கிறது என்று 1661ஆம் ஆண்டிலேயே ஜான் ஈவ்லின் என்னும் அறிஞர் நூல் எழுதி மன்னனுக்குச் சமர்ப்பித்தார். கேட்பார் இல்லை. 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டம் அந்நகரைக் கவ்விற்று. அன்றைய கணக்கின்படி சுமார் 4,000 பேர் மாண்டனர்; பின்னாளைய ஆராய்ச்சி 12,000 வரை கூறுகிறது. அடுத்த மாதங்களில் மாண்டவர்களை விஷக்காய்ச்சல் கொன்றதென்றே அதிகாரிகள் சாதித்தனர். காற்றுத் தூய்மைச் சட்டம் 1956இல்தான் வந்தது. எச்சரிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 295 ஆண்டுகள்!

மலேசியாவில் சட்டம் இல்லாமலில்லை. சுற்றுச்சூழல் சட்டம் 1974லேயே பிறந்தது. 2024இல் அதன் அபராத உச்சவரம்பு 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. எல்லை கடக்கும் புகையைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002இல் ஒப்பந்தம் செய்தன. தீயின் தாயகமான இந்தோனேசியா அதை உறுதி செய்தது 2014இல், மூவார் மூச்சடைத்த மறு ஆண்டு. ஏட்டிலுள்ள சட்டம் ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். காற்றை அளக்கும் கருவி ஆலைக்கும் பள்ளிக்கும் இடையே நிற்க வேண்டும். அதன் கணக்கு பெற்றோர் அறியும்படி அன்றாடம் வெளிவர வேண்டும்.

ஒருகாலத்தில் ஜோகூர்த் தோட்டங்களில் ரப்பர்த் தாள்களைப் புகையிலிட்டு உலர்த்திய கூடங்களில், நம்மவர் கண்ணெரிய உழைத்தனர். அன்று புகை கூலியோடு சேர்ந்து வந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தது பள்ளிக்கூடத்தை நாடி. அங்கும் புகையே காத்திருக்குமாயின், நாம் முன்னேறிவிட்டோம் என்று எந்த வாயால் கூறுவது? செல்வர் சன்னலை மூடிக் காற்றைச் சுத்திகரிக்கும் யந்திரம் வைத்துக்கொள்வர், வெளியூருக்கும் செல்வர். ஆலையடியில் குடியிருக்கும் தொழிலாளி எங்கே செல்வான்? தொழிற்சாலை வேண்டாம் என்பது நம் வாதமன்று. தொழிலுக்கு ஆகும் செலவைப் பிள்ளைகளின் நுரையீரல் கொடுக்கக்கூடாது. முதலாளியின் கணக்குப் புத்தகமே கொடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.