கிணத்துல தண்ணி இருந்துச்சு

எனக்கு அப்போ பன்னெண்டு வயசு இருக்கும். ஒரு சித்திரை மாச மத்தியானம், எங்க தெருவுல கூரை வீடு பத்திக்கிச்சு. குடம், அண்டா, மண்ணுன்னு கையில கிடைச்சதை எல்லாம் கொட்டிப் பார்த்தாச்சு. ஒருவழியா தீயணைப்பு வண்டி வந்தது. தொட்டியில் 4500 லிட்டர். நிமிஷத்துக்கு 450 லிட்டர் அடிச்சா, பத்தே நிமிஷம். தீர்ந்துடுச்சு!

பக்கத்துலயே கிணறு. தண்ணியும் இருந்துச்சு, ஆனா நாப்பது அடிக்குக் கீழே. குழாயை இறக்குனாங்க. பம்பு உறுமுச்சே தவிர ஒரு சொட்டு மேல ஏறலை. "பம்பு ரிப்பேருப்பா" என்றார் மாமா. ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

நிற்க. 1638-ல் கலிலியோ வெளியிட்ட புத்தகத்தில் அச்சு அசல் இதே கதை வருது. தண்ணி ஏறலைன்னு பம்பைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிட்டா, அவர் "கோளாறு பம்புல இல்லை, தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு" என்கிறார். எல்லை சுமார் 34 அடி. நீளக் கயிறு தன் கனத்திலேயே அறுந்து போற மாதிரி தண்ணியும் அறுந்து போகுதுன்னு கலிலியோ காரணம் சொன்னார். அது தப்பு. பம்பு தண்ணியை இழுக்கறதே இல்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் கீழேயிருந்து தள்ளுது. பாதரசத்தை வெச்சு 1640-களில் இதை விளக்கினவர் கலிலியோவின் சீடர் டாரிசெல்லி. நடைமுறையில் 25 அடி தாண்டினாலே எந்த வண்டிக்கும் திண்டாட்டம்தான்.

ஆம்ஸ்டர்டாமில் 1672-ல் தோல் குழாய் வெச்ச தீயணைப்பு எந்திரத்தைக் கொண்டுவந்த யான் வான் டெர் ஹெய்டனுக்கு (அடிப்படையில் ஓவியர் சாமி இவர்!) இந்தத் தொல்லை இல்லை. கைக்கெட்டுற ஆழத்தில் தெருவுக்குத் தெரு கால்வாய். நம்ம கிணறு அப்படியா?

இதைப் புரிஞ்சு வெச்சிருந்தவங்க நம்ம விவசாயிங்க. கிணத்துக்குள்ள பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வெச்சிருப்பாங்களே, அது இதுக்குத்தான். அன்னிக்கு அந்தக் கிணத்துலயும் மோட்டார் இருந்துச்சு. போட்டிருந்தா வண்டித் தொட்டியை நிரப்பியிருக்கலாம். ஆனா கூரைக்கு மேல கம்பி போகுதுன்னு லைன்மேன் கரண்டை நிறுத்தியிருந்தார். அதுவும் சரிதான்.

போன பொங்கலுக்கு மாமாகிட்ட இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ உங்க கலிலியோவே வந்திருந்தாலும் நாலு வீடும் போயிருக்கும்ங்கிறே" என்றார்.